நீறு பூத்த நட்சத்திரங்கள்

"சாக்கோட்டைக்குப் போகிறேன்" என்று சொன்னதும் ஆபீஸில் எல்லோரும் ஒரே குரலில், "கும்பகோணத்துக்கா?" என்று கேட்டார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்திலும் ஒரு சாக்கோட்டை இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் நான் போனது அந்த ஊருக்கு அல்ல. இது செட்டிநாட்டுச் சாக்கோட்டை. காரைக்குடியில் இறங்கி, புதுவயல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்வதற்குள் ஊர் வந்துவிடும். வீரசேகரரும் உமையாம்பிகையும் கோயில் கொண்டிருக்கும் ஊர்.

நான் போனதற்குக் காரணம் பிள்ளையார் நோன்பு. நகரத்தார் குடும்பங்களில் திருக்கார்த்திகைக்கு இருபத்தொரு நாள் கழித்து, மார்கழியில் ஷஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில், வீட்டோடு கூடிக் கொண்டாடும் நோன்பு அது. "நாலு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்; நல்ல படமாக எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்பது ஆசிரியரின் உத்தரவு. எழுதிக்கொண்டு வந்தது என்னவோ ஆகாயத்துத் தூசியைப் பற்றி! அது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தூசியோடு ஒரு யுத்தம்

என் கல்லூரி நண்பன் ஒருவன் இப்போது சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கிறான். சாக்கோட்டையை ஒட்டிய ஒரு சிற்றூரில் அவனுடைய அப்பத்தா இருக்கிறார்கள். "என் பேரையும் போடாதீங்க தம்பி, ஊர்ப் பேரையும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டதால் ஆச்சி என்று மட்டும் எழுதுகிறேன். வயது எழுபத்தெட்டு. நடையிலே அது தெரியும், பேச்சிலே தெரியாது.

அந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தத் தெருவில் வாசல் வைத்தால் அடுத்த தெருவில்தான் கொல்லைக் கதவு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். பர்மாத் தேக்கில் தூண்கள். தரையில் ஆத்தங்குடிப் பூக்கல். சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய பூச்சு. கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். இவ்வளவு பெரிய வீட்டில் இருப்பது யார்? ஆச்சி, வேலைக்கு வரும் ஓர் அம்மாள், காரைக்குடியில் எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்கும் பேத்தி, அதாவது என் நண்பனின் தங்கை. மற்ற அறைகளில் எல்லாம் பூட்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மறுநாள் நோன்பு. ஒரு வருஷத்துத் தூசி உத்தரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க தம்பி. ஒதுங்கி வாங்க, சட்டையெல்லாம் ஆயிடும். அறுபது வருஷமா இந்தத் தூசியோடதான் எனக்குச் சண்டை. நான் போனப்புறம் அதுதான் ஜெயிக்கும்!"

உள்ளேயிருந்து பேத்தியின் குரல் வந்தது: "அப்பத்தா! தூசி இல்லேன்னா நீயும் இல்லே, நானும் இல்லே, இந்த வீடும் இல்லே!"

"கேட்டீங்களா? இப்படித்தான் ஒரு மாசமாப் பேசிக்கிட்டிருக்கா. நீங்களாவது என்னன்னு கேளுங்க" என்றார்கள் ஆச்சி. அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

காப்பி குடிக்கும்போது விஷயம் புரிந்தது. பெண்ணுக்கு வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்தாறு வருஷப் படிப்பு. நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் உள்ள தூசியை அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு ஆராய்வது. அதே சமயத்தில் நல்ல இடத்திலிருந்து ஒரு ஜாதகமும் வந்திருக்கிறது. தகப்பனார் திருப்பூரில் வியாபாரம் பார்க்கிறார். "அம்மா என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று ஒதுங்கிக்கொண்டுவிட்டார். ஆக, தீர்ப்பு ஆச்சி கையில்.

"தூசியைப் படிக்க வடக்கே போகணுமா தம்பி? இங்கே இல்லாத தூசியா?" என்று கேட்டார்கள் ஆச்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி என்று தோன்றியது. உங்களுக்கும் தோன்றும்.

ஆகாயத்தில் ஓட்டை

முதலில் ஆகாயத்தில் தூசி இருக்கிறது என்பதே மனிதனுக்கு வெகு காலம் தெரியாது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானசாஸ்திரி இருந்தார். யுரேனஸ் கிரகத்தை 1781-ல் கண்டுபிடித்தவர் அவர்தான். விருச்சிக ராசிப் பக்கம் டெலிஸ்கோப்பைத் திருப்பியபோது, நட்சத்திரங்கள் மொய்த்துக் கிடக்கும் இடத்தின் நடுவே ஒரு கறுப்புத் திட்டைக் கண்டு, ஆகாயத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதே என்று அதிசயித்தாராம். இந்தச் செய்தி நமக்குத் தெரிவது அவருடைய தங்கை கரோலின் மூலமாக.

இந்தக் கரோலினைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துப் பெண். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று தாயார் அவளைப் படிக்க விடவில்லை. 1772-ல் அண்ணன் வந்து, தாயாருக்கு வேலைக்காரி வைத்துக்கொள்ளப் பணம் ஏற்பாடு செய்துவிட்டுத் தங்கையை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அவளும் அண்ணனுடன் இரவெல்லாம் கண் விழித்தாள். தானாகவே எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டாள். 1787-ல் இங்கிலாந்து அரசர் அவளுக்கு வருஷத்துக்கு 50 பவுன் சம்பளம் ஏற்படுத்தினார். விஞ்ஞான வேலைக்குச் சம்பளம் பெற்ற முதல் பெண்மணி என்று அவளைச் சொல்கிறார்கள்.

இதைப் பேத்தி சொல்லும்போது ஆச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். "அந்தம்மா அடுப்படியிலேருந்து தப்பிச்சுட்டாளா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அதிருக்கட்டும். ஹெர்ஷல் பார்த்தது ஓட்டை அல்ல, திரை. நட்சத்திரங்களுக்கு முன்னால் தொங்கும் தூசித் திரை. நட்சத்திரங்களுக்கு இடையே தூசி பரவிக் கிடந்து வெளிச்சத்தை விழுங்குகிறது என்பதை 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர் என்பவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தார்.

அது எப்படிப்பட்ட தூசி? நம் வீட்டுத் தூசியை விட மிக மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு. பாதி மணல் வர்க்கம், பாதி கரிப் புகை வர்க்கம். குளிர் அதிகமான இடங்களில் அதன்மேல் பனிக்கட்டி பூசியிருக்கும். நீளம், அகலம், உயரம் எல்லாம் நூறு நூறு மீட்டராக ஒரு பெட்டி செய்தால், சாதாரணமாக அதற்குள் ஒரே ஒரு துகள் அகப்படலாம். "இதையா தூசி என்கிறார்கள்?" என்று ஆச்சி ஏளனம் செய்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான ஒளி ஆண்டு தூரம் இப்படியே சேர்ந்துகொண்டு போனால் என்ன ஆகும்? நம்முடைய பால்வீதி மண்டலத்தின் நடு மையம், மூல நட்சத்திரம் இருக்கிற திசையில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு வந்து சேருவது லட்சம் கோடியில் ஒரு பங்குதான்! மீதியெல்லாம் வழியிலேயே தூசிக்கு நைவேத்தியம்.

வெந்நீர் அடுப்புப் பாடம்

சாயங்காலம் இருட்டிய பிறகு பேத்தி என்னையும் ஆச்சியையும் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனாள். அங்கே வெந்நீருக்கு என்று ஒரு விறகடுப்பு இருக்கிறது. சமையலுக்குக் காஸ் அடுப்பு வந்துவிட்டாலும் இதை மட்டும் ஆச்சி விடவில்லை. இரவில் தணலைச் சாம்பலால் மூடிவிடுவார்கள். காலையில் கிளறி ஒரு சுள்ளியைப் போட்டால் பற்றிக்கொள்ளும்.

பெண் விளக்கை அணைத்தாள். "அப்பத்தா, அடுப்பு எங்கே இருக்கு, தெரியுதா?"

"கும்மிருட்டிலே என்ன தெரியும்?"

"கையை நீட்டு."

ஆச்சி கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். உள்ளங்கையில் கணகணவென்று சூடு அடித்தது.

"கண்ணுக்குத் தெரியலே. கைக்குத் தெரியுது. கையிலே வந்து படுது பாரு, அதுதான் அகச்சிவப்புக் கதிர். நான் படிக்கப் போறது இதைத்தான்."

நீறு பூத்த நெருப்பு என்று நாம் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். அதற்குள்ளே இப்படி ஒரு சாஸ்திரம் அடங்கியிருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹெர்ஷலும் ஏறக்குறைய இப்படித்தான் கண்டுபிடித்தார். 1800-ஆம் வருஷம். சூரிய வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடியில் விழச் செய்து ஏழு நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்தார். சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர்தான் எல்லாவற்றையும் விட அதிகமாக ஏறியது! கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று உண்டு என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

இந்தக் கதிரால் இரண்டு லாபம். முதல் லாபம், இது தூசித் திரையைத் தாண்டி வந்துவிடும். ஊருணியில் பார்த்திருப்பீர்கள். பெரிய அலை, அல்லித் தண்டு குறுக்கே இருந்தாலும் சுற்றிக்கொண்டு போய்விடும். சிற்றலை தண்டில் மோதிச் சிதறிவிடும். நாம் பார்க்கும் வெளிச்சம் சிற்றலை; அகச்சிவப்பு பெரிய அலை. லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்த அதே மையத்திலிருந்து, அகச்சிவப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த வழியாகப் பார்த்து, மையத்தில் ஒரு பிரம்மாண்டமான கருந்துளை இருப்பதைக் காட்டியதற்காக 2020-ல் ஆண்ட்ரியா கெஸ் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கும் ரெயின்ஹார்ட் கென்ஸல் என்பவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரண்டாவது லாபம், தூசியே பிரகாசிக்கும். நட்சத்திர வெளிச்சத்தை விழுங்கிய தூசி சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் சூடேறி, அந்தச் சூட்டை அகச்சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. கொஞ்சம் சூடு என்றேனே, அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். நட்சத்திரம் பிறக்கப் போகும் கரிய மேகத்தின் உஷ்ணநிலை சுமார் -260 டிகிரி! அந்தக் குளிரிலும் அது ஒரு மாதிரிக் கதிர் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பிடிக்கத் தக்க கருவி வேண்டும், அவ்வளவுதான். உலகம் தோன்றியது முதல் நட்சத்திரங்கள் வீசிய வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் தூசி இப்படி வாங்கி, அகச்சிவப்பாக மாற்றிக் கொடுத்திருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

முகப்பும் கடைசி அறையும்

அன்று பஞ்சமி. சந்திரன் மறையும் வரையில் காத்திருந்து, பத்தரை மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறினோம். முழங்கால் வலியோடு ஆச்சியும் வந்தார்கள். "நாளைக்கு நோன்பு, இன்னைக்குப் படி ஏற வைக்கிறா" என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு முணுமுணுப்பு.

மார்கழிப் பனி. சென்னையில் நாம் மறந்தே போய்விட்ட ஆகாயம். பெண் கையை நீட்டிக் காட்டினாள். கிட்டத்தட்டத் தலைக்கு நேரே மிருகசீரிஷம், அதன் பக்கத்தில் சிவந்த திருவாதிரை, கொஞ்சம் தெற்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். மேல்நாட்டார் இந்தக் கூட்டத்துக்கு ஓரியன் என்று பெயர் வைத்து, வேட்டைக்காரன் என்கிறார்கள். அந்த மூன்றும் அவனுடைய இடுப்புக் கச்சை. கச்சையிலிருந்து தொங்கும் கத்தியின் நடுவே வெறுங் கண்ணுக்கே ஒரு மங்கல் தெரிகிறது. பைனாகுலரை வைத்துக்கொண்டு பார்த்த ஆச்சி, "விபூதி தூவின மாதிரி இருக்கு!" என்றார்கள்.

அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,350 ஒளி ஆண்டு தூரம். அதாவது, மாமல்லபுரத்தைச் செதுக்கிய பல்லவர்கள் காலத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம், அந்த மார்கழி இரவில் ஆச்சியின் கண்ணில் வந்து விழுந்தது.

"அப்பத்தா, நீ பாக்கிறது வீட்டு முகப்பு மாதிரி. நாலு புது நட்சத்திரம் விளக்கு ஏத்தின மாதிரி நிக்குது, அதனாலே தெரியுது. அதுக்குப் பின்னாலேதான் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம். அங்கே ஒரே தூசி, ஒரே இருட்டு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. 1967-ல் பெக்லின், நியூகேபவர்னு ரெண்டு பேர் அகச்சிவப்பிலே பாத்தாங்க. உள்ளே ஒரு நட்சத்திரம் பிறந்து, தூசிக்குள்ளே கணகணன்னு இருக்கு!"

ஆச்சி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பன் பொறந்ததும் கடைசி இருட்டறையிலேதான். கதவைச் சாத்திட்டு, சீலையை மறைச்சுக் கட்டிட்டாங்க. வெளியே இருந்தவங்களுக்குச் சத்தம் கேட்டுத்தான் தெரியும்" என்றார்கள்.

இதை விட நன்றாக எந்த விஞ்ஞானி சொல்ல முடியும்? தூசி மறைத்துக் கட்டுகிற சீலைதான். வெளியே உள்ள நட்சத்திரங்களின் கடுமையான கதிர்கள் உள்ளே போகாமல் அது தடுக்கிறது. உள்ளே குளிர்கிறது. ஹைட்ரஜன் அணுக்கள் தூசித் துகளின்மேல் வந்து ஒட்டிக்கொண்டு, ஜோடி ஜோடியாகச் சேர்கின்றன. குளிர்ந்த மேகம் தன் பாரம் தாங்காமல் உள்ளுக்குள் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க நடுவில் சூடேறி, ஒரு நாள் நட்சத்திரம் பற்றிக்கொள்கிறது. சுற்றிலும் மிஞ்சிய தூசி, தட்டு மாதிரிச் சுழன்று, ஒன்றோடொன்று ஒட்டி, கல்லாகி, மலையாகி, கிரகமாகிறது. சுமார் 460 கோடி வருஷத்துக்கு முன் நம் சூரியனும் பூமியும் இப்படித்தான் பிறந்தன. மேகத்தின் எடையில் தூசி நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் பூமி இல்லை. பூமியில்லாமல் சாக்கோட்டை ஏது? "தூசி இல்லேன்னா நீயும் இல்லே, நானும் இல்லே" என்று காலையில் அந்தப் பெண் சொன்னது வெறும் வாய்த் துடுக்கு அல்ல, நேயர்களே!

திருவாதிரை மங்கியது

"உனக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது?" என்று கேட்டேன்.

பெண் திருவாதிரையைக் காட்டினாள். 2019-ஆம் வருஷக் கடைசியில் அந்த நட்சத்திரம் திடீரென்று மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. வெடிக்கப் போகிறதோ என்று உலகம் முழுவதும் பேச்சு. பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இதே மாடியில் நின்று இவளும் தினம் பார்த்தாளாம். பிறகு அது பழையபடி பிரகாசித்துவிட்டது. காரணம் 2021-ல் தெரிய வந்தது. நட்சத்திரம் தன் உடம்பிலிருந்து வாயுவை உமிழ்ந்தது. அதன் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்தது. வாயு தூசியாக உறைந்து, நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே திரையாக நின்றுவிட்டது. வயதான நட்சத்திரங்கள் இப்படித்தான் தூசியை வாரி இறைத்துவிட்டுப் போகின்றன. அந்தத் தூசியில் அடுத்த தலைமுறை பிறக்கிறது.

"கிழவி தூசியைக் கிளப்பினாத்தான் பேத்தி பொறப்பாங்கிறே!" என்றார்கள் ஆச்சி. மாடியில் மூவரும் சிரித்த சிரிப்பில் தெரு நாய் ஒன்று குரைத்தது.

பலூனில் போன டெலிஸ்கோப்

"இதெல்லாம் சீமையிலே செய்யற வேலை. நம்ம ஊர்லே யார் செய்யறா?" என்பது ஆச்சியின் அடுத்த கேள்வி.

செய்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். இந்த வேலைக்குப் பெரிய விரோதி காற்றில் உள்ள ஈரம். தூரத்து அகச்சிவப்பு முழுவதையும் நீராவி குடித்துவிடும். ஆகையால் ஒன்று, காற்றுக்கு மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் உயரமான, வறண்ட இடத்துக்குப் போக வேண்டும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் முதல் வழியைப் பிடித்தார்கள். 1980களிலிருந்து, ஒரு மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி வைத்த டெலிஸ்கோப்பை ராட்சத பலூனில் கட்டி, ஹைதராபாத்திலிருந்து பறக்க விட்டார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பலூன், அதற்குள் ஹைட்ரஜன். சுமார் 30 கிலோமீட்டர் உயரம் போனால் காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு காலுக்குக் கீழே வந்துவிடும். கருவியின் உணர்வுப் பகுதியைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தார்கள். குளிரின் கடைசி எல்லையாகிய -273 டிகிரிக்கு மேலே அரை டிகிரி கூட இருக்காது. நட்சத்திரம் பிறக்கும் மேகங்களை அப்படியே இரவெல்லாம் படமெடுத்துவிட்டு, பாராசூட்டில் கருவி எங்கேயாவது ஒரு வயற்காட்டில் வந்து இறங்கும். கண்டெடுத்தவர்கள் தொடாமல் போலீஸுக்குச் சொன்னால் வெகுமதி உண்டு என்று அறிவிப்பார்கள். 1999 முதல் ஜப்பானியர் கொடுத்த ஒரு கருவியும் இதில் சேர்ந்து பறந்தது.

உயரமான இடம் என்றால் லடாக்கில் ஹான்லே. 4,500 மீட்டர் உயரம். பாலைவனம் போன்ற வறட்சி. அங்கே 2000-ல் நிறுவிய 2 மீட்டர் டெலிஸ்கோப்புக்குச் சந்திரசேகர் பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான். 2013 முதல் அதில் ஓர் அகச்சிவப்புக் கருவியும் பொருத்தியிருக்கிறார்கள். இன்னொரு விசேஷம்: ஹான்லேயின் குளிரில் யாரும் நின்று விறைக்க வேண்டாம். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸ்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் வழியாக அந்த டெலிஸ்கோப்பைத் திருப்புகிறார்கள்.

"பெங்களூர்னா ராத்திரி பஸ்ஸிலே வந்துடலாம்" என்றார்கள் ஆச்சி, யாரிடமும் சொல்லாத மாதிரி. பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

காற்றே வேண்டாம் என்று வானத்துக்கே டெலிஸ்கோப்பை அனுப்பியவர்களும் உண்டு. 1983-ல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் பத்து மாதத்தில் ஆகாயம் முழுவதையும் அகச்சிவப்பில் துழாவியது. 2021 டிசம்பர் 25-ல், அதுவும் ஒரு மார்கழி மாதத்தில், ஜேம்ஸ் வெப் டெலிஸ்கோப் கிளம்பியது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. 6.5 மீட்டர் கண்ணாடி. அதன்மேல் தங்க முலாம். அகச்சிவப்பைத் தங்கத்தைப் போல் நன்றாகத் திருப்பி அனுப்பும் உலோகங்கள் குறைவு.

தங்கம் என்றதும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எத்தனை பவுன்?"

மொத்தம் சுமார் 48 கிராம். ஆறு பவுன்.

"ஆறு பவுனா! ஒரு கழுத்துருவுக்குக் காணாதே!"

அந்த ஆறு பவுனைக் கொண்டு 2022-ல் எடுத்த படம் ஒன்றைப் பெண் போனில் காட்டினாள். கழுகு நெபுலாவில் தூசித் தூண்கள். 1995-ல் ஹப்பிள் எடுத்த படத்தில் கற்றூண் மாதிரிக் கறுத்து நின்றவை, இதில் புகை மாதிரி ஆகிவிட்டன. உள்ளேயும் ஓரத்திலும் சிவப்புச் சிவப்பாகக் குழந்தை நட்சத்திரங்கள். நீறு பூத்த நெருப்பைக் கிளறிவிட்டது போலத்தான்!

இழை

கீழே இறங்கும்போது ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிப் படியில் நின்றார்கள்.

"தம்பி, எங்க மாமனார் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவரு. எங்க வீட்டுக்காரரு பினாங்குக்கு. மூணு வருஷத்துக்கு ஒரு கணக்கு. அப்புறந்தான் வருவாரு. அவரு முகம் மறந்துபோயிடுமோன்னு பயந்த நாள் உண்டு. இப்ப மகன் திருப்பூர்லே, பேரன் சிங்கப்பூர்லே. வாழ்நாள் பூரா வழியனுப்பியே ஆச்சு. இவளும் போயிட்டா, இந்த வீட்டிலே பேச்சுக் குரல் கேக்காது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? விஞ்ஞானம் பெரிது என்று அந்தப் படியில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பூட்டிய அறைகளை நான் பகலில் பார்த்திருந்தேன்.

மறுநாள் மாலை. வளவில் நடுவீட்டுக் கோலம். பிள்ளையார். ஆவாரம்பூ. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாளாகப் புதுத் துணியிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்து வைத்த இருபத்தொரு இழைகளைத் திரியாகத் திரித்து, வெல்லமும் அரிசிமாவும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றினார்கள். வீட்டில் மூத்தவர் அதை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். தகப்பனாரும் தாயாரும் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். சிங்கப்பூர்ப் பேரன் போனில் முகம் காட்டினான். அவனுக்கு அங்கே நகரத்தார் கூடி எடுக்கும் இடத்தில் இழை.

பேத்தியின் முறை வந்தது. ஆச்சி அந்தச் சிறு சுடரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"ஆத்தா, எங்கே வேணும்னாலும் போய்ப் படி. ஜாதகம் எங்கேயும் ஓடிப் போயிடாது. ஆனா வருஷத்துக்கு ஒரு நாள் இழை எடுக்க இந்த வளவுக்கு வந்துடணும். என்ன, வருவியா?"

பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில்தான் நெருப்பு இருந்ததே! கண்ணில் ஜலம் நிற்க, தலையை மட்டும் ஆட்டினாள். தகப்பனார் தூணைத் தடவிப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்.

நான் படம் எடுக்க மறந்துவிட்டேன். ஆசிரியரிடம் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

சாக்கோட்டைப் பக்கம் போனால் வீரசேகரரைச் சேவியுங்கள். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் அஸ்திவாரம் போட்டு, 1953-ல் திறந்த நிலையம் அது. வியாபாரத்துக்குப் போன ஊர்க்காரர்கள் விஞ்ஞானத்துக்கும் கை கொடுத்தார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, மார்கழியில் ஓர் இரவு அங்கே தங்கி, சந்திரன் மறைந்த பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள். இருட்டாகத் தெரிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது ஆச்சி மறுபடியும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நோன்புக்குத்தான் சுத்தம் செய்தாகிவிட்டதே என்றேன்.

"அந்தக் கடைசி அறையைத் திறந்து பெருக்கப் போறேன் தம்பி. அவ லீவுக்கு வந்தா உக்காந்து படிக்க ஓர் இடம் வேணாமா?"